ஒரு புரோகிராமுக்கு மட்டும் ஒரு கீயை மாற்றுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கீபோர்டைக் குனிந்து பார்த்து, எழுத்தைத் தேடித் தேடித்தான் தட்டுகிறோம். ஆறு மாதம் போனால் விரல்களுக்கே இடம் பழகிவிடுகிறது. கண் திரையில் இருக்கும். விரல் தானாகப் போய்க் கீயைத் தட்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் விரல், எந்தப் புரோகிராம் திறந்திருக்கிறது என்று பார்த்துத் தட்டுவதில்லை. ஒரு புரோகிராமில் பழகியதை அடுத்த புரோகிராமிலும் அப்படியே தட்டும். அங்கே அதே கீக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டிருந்தால் வினைதான்.

இதற்கு வழி உண்டா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். உண்டு. தொல்லை தரும் கீக்கு நாம் விரும்பும் வேலையைக் கொடுத்துவிடலாம். ஆனால் இதில் நான் எப்போதும் வற்புறுத்தும் ஒரு விதி உள்ளது. எந்தப் புரோகிராமில் தொல்லையோ அந்தப் புரோகிராமில் மட்டும் மாற்றுங்கள். கம்ப்யூட்டர் முழுவதற்கும் மாற்றாதீர்கள். ஏன் என்பதை ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

டேலியும் எக்ஸெலும்

எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுபவர் பல வருடங்களாக டேலியில் வேலை செய்கிறார். டேலியில் ஒரு வவுச்சரை நிரப்பி முடித்தவுடன் கண்ட்ரோல் + ஏ அழுத்தினால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பதிவாகிவிடும். ஒரு நாளைக்கு நூறு முறையாவது அவர் விரல் இந்த இரண்டு கீகளுக்குப் போகும். அதே கம்ப்யூட்டரில் கடையின் சரக்கு இருப்பை எக்ஸெலில் வைத்திருக்கிறார். அங்கேயும் ஒரு வரிசையை முடித்ததும் விரல் பழக்கத்தில் கண்ட்ரோல் + ஏ அழுத்திவிடுகிறது.

எக்ஸெலில் இதன் பொருள் வேறு. இங்கே கண்ட்ரோல் + ஏ என்றால் அனைத்தையும் தேர்ந்தெடு என்று அர்த்தம். எண்கள் உள்ள பகுதி முழுவதும் நிறம் மாறி நிற்கும். அந்த வேகத்தில் டெலீட் கீ பட்டுவிட்டால் அத்தனை எண்களும் மறைந்துவிடும். இதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிவதால் உடனே கண்ட்ரோல் + இஸட் அழுத்தித் திரும்பப் பெறலாம். மோசமானது இன்னொன்று. நிறம் மாறியதைக் கவனிக்காமல் அடுத்த எண்ணை டைப் செய்து என்டர் தட்டினால், கர்சர் நின்ற செல்லில் ஏற்கனவே ஓர் எண் இருந்தால் அது போய்ப் புதிய எண் உட்கார்ந்துவிடும். ஒரே ஓர் எண் மாறியது யாருக்கும் தெரியாது. மாத முடிவில் இருப்பு இடிக்கும்போதுதான் தேட ஆரம்பிப்பார்கள்.

இதில் டேலி மீதும் குறையில்லை, எக்ஸெல் மீதும் குறையில்லை. இரண்டும் தனித்தனியே உருவானவை. நடுவில் மாட்டிக்கொண்டது விரல்.

இவருக்கு என்ன செய்யலாம்? எக்ஸெலில் மட்டும் கண்ட்ரோல் + ஏ அழுத்தினால், சேமிப்பதற்கான கண்ட்ரோல் + எஸ் அழுத்தியது போல நடக்க வேண்டும். டேலியில் பழையபடியே இருக்க வேண்டும். வேர்டில் அனைத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் முழுவதற்கும் இந்த மாற்றத்தைச் செய்தால் டேலியில் வவுச்சர் பதிவாகாது. தொல்லை இடம் மாறியிருக்குமே தவிரத் தீர்ந்திருக்காது. இப்போது என் விதி ஏன் என்று புரிந்திருக்கும்.

கீயைத் தட்டினால் என்ன நடக்கிறது?

நீங்கள் ஏ கீயைத் தட்டும்போது கீபோர்ட் அந்த எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்தில் உள்ள கீ தட்டப்பட்டது என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. இதற்கு ஸ்கேன் கோட் என்று பெயர். விண்டோஸ் அந்த எண்ணை வாங்கி, தேர்ந்தெடுக்கப்பட்டுள்ள மொழி அமைப்புக்கு ஏற்ப இன்ன கீ என்று முடிவு செய்து, அப்போது முன்னால் திறந்திருக்கும் விண்டோவுக்குத் தருகிறது. அதன் பிறகு என்ன செய்வது என்பது அந்தப் புரோகிராமின் பொறுப்பு.

இதைத் தபால் போல நினைத்துக்கொள்ளுங்கள். தபால் நிலையத்தில் முகவரியை மாற்றலாம். வழியில் தபால்காரர் கையில் மாற்றலாம். வீட்டுக்குள் வந்தபின் யார் பிரிப்பது என்று வீட்டார் தீர்மானிக்கலாம். கீயை மாற்றுவதற்கும் இதே போல மூன்று இடங்கள் உள்ளன.

முதலாவது, விண்டோஸின் ரிஜிஸ்ட்ரி. இங்கே ஸ்கேன் கோட் மேப் என்ற குறிப்பை எழுதி ஒரு கீயை இன்னொரு கீயாக்கலாம். இது எல்லாப் புரோகிராமுக்கும், கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொருந்தும். ஒரு புரோகிராமுக்கு மட்டும் என்று இங்கே சொல்லவே முடியாது. புதியவர்கள் ரிஜிஸ்ட்ரி பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவது, நடுவில் நின்று கீயைப் பிடித்து மாற்றித் தரும் உதவிப் புரோகிராம். இது எந்த விண்டோ முன்னால் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப மாற்றும்.

மூன்றாவது, அந்தந்தப் புரோகிராமிலேயே உள்ள அமைப்பு. இருப்பதிலேயே பத்திரமான இடம் இதுதான். எனவே முதலில் இதைத் தேடுங்கள்.

முதலில் புரோகிராமுக்குள் தேடுங்கள்

வேர்டில் பைல் மெனு சென்று ஆப்ஷன்ஸ், பின் கஸ்டமைஸ் ரிப்பன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் என்பதன் அருகில் கஸ்டமைஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் கிளிக் செய்தால் வேர்டின் கட்டளைகள் எல்லாம் பட்டியலாகக் கிடைக்கும். வேண்டிய கட்டளையைத் தேர்ந்தெடுத்து, புதிய ஷார்ட்கட் கீக்கான கட்டத்தில் கர்சரை வைத்து, விரும்பும் கீகளை அழுத்துங்கள். அந்தக் கூட்டு ஏற்கனவே எந்த வேலைக்குத் தரப்பட்டிருக்கிறது என்பது அங்கேயே காட்டப்படும். இந்த வரியைப் படிக்காமல் அசைன் பட்டனை அழுத்தக் கூடாது.

ரூபாய் அடையாளத்தை அடிக்கடி டைப் செய்பவர்கள் இன்ஸர்ட் டேபில் சிம்பல், மோர் சிம்பல்ஸ் சென்று அந்த அடையாளத்தைத் தேர்ந்தெடுத்து, ஷார்ட்கட் கீ என்ற பட்டனை அழுத்தலாம். ரூபாய்க்கு ஆர் பொருத்தம் என்று கண்ட்ரோல் + ஆல்ட் + ஆர் அழுத்திப் பாருங்கள். அது பதிவு பெற்ற வணிகச் சின்னத்துக்கான வட்டமிட்ட ஆர் எழுத்துக்கு ஏற்கனவே தரப்பட்டிருப்பது தெரியும். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையேல் வேறு கூட்டைப் பாருங்கள். இந்த மாற்றம் வேர்டுக்கு மட்டுமே. அதிலும் குறிப்பிட்ட டாகுமெண்டுக்கு மட்டும் என்று கூட வைத்துக்கொள்ளலாம்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீசில் டூல்ஸ், கஸ்டமைஸ் சென்று கீபோர்ட் டேபைத் திறந்தால் இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒன்று லிப்ரே ஆபீஸ் முழுவதற்கும். மற்றது ரைட்டர் அல்லது கால்க் என நீங்கள் திறந்து வைத்திருக்கும் பகுதிக்கு மட்டும். விஎல்சி மீடியா பிளேயரில் டூல்ஸ், பிரிபரன்ஸஸ் சென்று ஹாட்கீஸ் டேபைப் பாருங்கள். அங்கே ஹாட்கீ, குளோபல் என இரண்டு நெடுவரிசைகள். ஹாட்கீ என்பது விஎல்சி முன்னால் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும். குளோபல் என்பது வேறு புரோகிராமில் இருக்கும்போதும் வேலை செய்யும். எனவே குளோபலில் எதையும் தருமுன் இருமுறை யோசியுங்கள்.

எக்ஸெலில் வேர்டில் உள்ளது போன்ற கஸ்டமைஸ் பட்டன் கிடையாது. எனவே நம் கணக்கருக்கு உதவிப் புரோகிராம் தேவை.

மைக்ரோசாப்ட் பவர்டாய்ஸ்

விண்டோஸ் 95 காலத்திலேயே பவர்டாய்ஸ் என்ற பெயரில் சிறு சிறு உதவிப் புரோகிராம்களை மைக்ரோசாப்ட் தந்தது. 2019ல் அதே பெயரில் புதிய தொகுப்பு ஒன்றைத் தொடங்கி, அதன் மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. 2020ல் இதில் கீபோர்ட் மேனேஜர் சேர்ந்தது. கட்டணம் எதுவும் இல்லை. விண்டோஸ் 11ல் இயங்கும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2004 என்ற எண்ணுள்ள பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் பவர்டாய்ஸ் என்று தேடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

இனி வேலையைத் தொடங்குவோம். பதிப்புக்குப் பதிப்பு திரையின் தோற்றம் சற்று மாறலாம். செய்ய வேண்டியது இதுதான்.

1. பவர்டாய்ஸ் செட்டிங்ஸைத் திறந்து, இடது பக்கப் பட்டியலில் கீபோர்ட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். சில பதிப்புகளில் இது இன்புட் / அவுட்புட் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். மேலே உள்ள சுவிட்சை ஆன் செய்யுங்கள்.

2. ரீமேப் எ கீ, ரீமேப் எ ஷார்ட்கட் என இரண்டு தேர்வுகள் தெரியும். முதலாவது தனிக் கீயை மாற்றுவது. இது எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்தும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அதில் கிளிக் செய்யுங்கள்.

3. புதிய வரி சேர்க்கும் பட்டனை அழுத்துங்கள். இடது பக்கம் நீங்கள் அழுத்தப் போகும் கூட்டைத் தர வேண்டும்; இங்கே கண்ட்ரோல் + ஏ. பட்டியலில் கண்ட்ரோல், இடது கண்ட்ரோல், வலது கண்ட்ரோல் என்று தனித்தனியே இருக்கும். பொதுவான கண்ட்ரோலைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கக் கீயும் வேலை செய்யும்.

4. வலது பக்கம், நடக்க வேண்டியதைத் தர வேண்டும். இங்கே கண்ட்ரோல் + எஸ்.

5. டார்கெட் ஆப் என்ற கட்டம் இருக்கும். அதில் எக்ஸெல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். முழு ரகசியமும் இந்தக் கட்டத்தில்தான் உள்ளது. காலியாக விட்டால் மாற்றம் எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்திவிடும்.

6. மேலே உள்ள ஓகே பட்டனை அழுத்துங்கள்.

சரியாகச் செய்திருக்கிறோமா என்று சோதிக்காமல் எழுந்துவிடாதீர்கள். எக்ஸெலில் ஒரு புதிய ஒர்க்புக் திறந்து நாலு எண்களை டைப் செய்து கண்ட்ரோல் + ஏ அழுத்துங்கள். சேமிப்பதற்கான விண்டோ வர வேண்டும். அடுத்து வேர்டில் அழுத்துங்கள். எல்லாம் தேர்வாக வேண்டும். கடைசியாக டேலியில் சோதனைக்கென ஒரு கம்பெனியை உருவாக்கி அதில் ஒரு வவுச்சரைப் பதிவு செய்து பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் வேலை முடிந்தது.

எக்ஸெலில் அனைத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால்? கண்ட்ரோல் + ஷிப்ட் + ஸ்பேஸ்பார் அந்த வேலையைச் செய்யும். அல்லது வரிசை எண்களும் நெடுவரிசை எழுத்துக்களும் சந்திக்கும் இடது மேல் மூலையில் கிளிக் செய்யலாம். ஒரு கீயின் வேலையைப் பறிக்கும் முன், அந்த வேலைக்கு வேறு வழி இருக்கிறதா என்று இப்படிப் பார்த்துவிட வேண்டும்.

புரோகிராமின் பெயரை அறிவது எப்படி?

டார்கெட் ஆப் கட்டத்தில், புரோகிராமை நாம் அழைக்கும் பெயரைத் தரக் கூடாது. விண்டோஸ் அதை எந்தப் பெயரில் இயக்குகிறதோ அதைத் தர வேண்டும். எக்ஸெலுக்கு இரண்டும் ஒன்றே. வேர்டுக்கு அப்படி அல்ல. வின்வேர்ட் என்று ஒரே சொல்லாகத் தர வேண்டும். எட்ஜ் பிரவுசருக்கு எட்ஜ் என்பதற்கு முன்னால் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துக்கள் இடைவெளி இல்லாமல் வரும்.

மற்றவற்றுக்கு இதோ வழி. அந்தப் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பட்டியலில் அந்தப் புரோகிராம் மீது ரைட் கிளிக் செய்து, கோ டு டீடெய்ல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் உண்மைப் பெயர் தனியே காட்டப்படும். புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே எடுபடாது?

* பிரவுசருக்குள் ஒரு வெப்சைட்டுக்கு மட்டும் என்று இதில் மாற்ற முடியாது. கூகுள் ஷீட்ஸில் வேலை செய்தாலும், யூடியூப் பார்த்தாலும் விண்டோஸின் கண்ணுக்கு இரண்டும் ஒரே பிரவுசர்தான்.

* ரிமோட் டெஸ்க்டாப் மூலம் வேறு கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் கவனிக்கவும். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எக்ஸெல், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பவர்டாய்ஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது ரிமோட் டெஸ்க்டாப் விண்டோ மட்டும்தான்.

* ஒரு புரோகிராமை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் பவர்டாய்ஸையும் அப்படியே இயக்க வேண்டும். இல்லையேல் அந்த விண்டோவில் மாற்றம் நடக்காது.

* விண்டோஸ் + எல், கண்ட்ரோல் + ஆல்ட் + டெலீட் இரண்டையும் மாற்ற முடியாது. பாதுகாப்புக்காக விண்டோஸ் இவற்றைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. லேப்டாப்பில் உள்ள எஃப்என் கீயையும் பொதுவாக மாற்ற முடியாது.

* ஷார்ட்கட் என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், விண்டோஸ் கீகளில் ஒன்றில் தொடங்க வேண்டும். எக்ஸெலில் எஃப்2 அழுத்தப் போய் எஃப்1 பட்டு ஹெல்ப் திறந்துகொள்கிறது, அதை மட்டும் நிறுத்த வேண்டும் என்றால் இந்த வழியில் முடியாது. தனிக் கீயை ஒரு புரோகிராமுக்கு மட்டும் மாற்ற ஆட்டோஹாட்கீ என்ற இலவசப் புரோகிராம் உள்ளது. 2003ல் வெளியானது. இதில் சில வரிகள் நிரல் எழுத வேண்டும். எனவே பவர்டாய்ஸில் கை பழகியபின் அந்தப் பக்கம் போகலாம்.

* தமிழில் டைப் செய்யத் தனிப் புரோகிராம் வைத்திருப்பவர்கள், அது எந்தக் கீகளைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் நடுவில் நின்று கீயைப் பிடிக்கும் புரோகிராமாக இருக்கலாம். ஒரே கூட்டை இருவரிடம் கொடுத்தால் யார் கை முந்தும் என்று சொல்ல முடியாது.

பாஸ்வேர்ட் பத்திரம்

நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். நடுவில் நின்று கீயைப் பிடிக்கும் எந்தப் புரோகிராமும், நினைத்தால் நீங்கள் டைப் செய்யும் எல்லாவற்றையும் படிக்க முடியும். பேங்க் பாஸ்வேர்டும் அதில் அடக்கம். கீலாக்கர் என்று சொல்லப்படும் திருட்டுப் புரோகிராம்களும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. எனவே கீயை மாற்றித் தருகிறேன் என்று இணையத்தில் யார் எதைத் தந்தாலும் இறக்கிக்கொள்ளாதீர்கள். பவர்டாய்ஸை மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்தும், ஆட்டோஹாட்கீயை அதற்கென உள்ள சொந்தத் தளத்திலிருந்தும் மட்டும் பெறுங்கள்.

கம்ப்யூட்டரைத் திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்கும் திரையில் பவர்டாய்ஸ் மாற்றங்கள் செயல்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஏதேனும் ஒரு கீ உடைந்துபோய், அதற்குப் பதில் வேறு கீயை ரீமேப் எ கீ மூலம் அமைத்திருந்தால் இது கைகொடுக்காது. அந்தத் திரையில் உள்ள ஆன்ஸ்கிரீன் கீபோர்டைப் பயன்படுத்தி மவுஸால் டைப் செய்யலாம். உடைந்த கீ என்பது எல்லாப் புரோகிராமிலும் உள்ள தொல்லை. ஆகவே கம்ப்யூட்டர் முழுவதற்கும் மாற்றுவது நியாயமாகும் இடம் அது.

வீட்டில் பலர் பயன்படுத்தினால்

ஒரே கம்ப்யூட்டரை அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று பலரும் பயன்படுத்தும் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனி யூசர் அக்கவுண்ட் வைப்பது நல்லது. பவர்டாய்ஸ் தன் அமைப்புகளை அக்கவுண்ட் வாரியாகத்தான் சேமிக்கிறது. உங்கள் வசதிக்குச் செய்த மாற்றம், பள்ளிப் பாடம் டைப் செய்யும் பிள்ளையைக் குழப்பாது. தனி அக்கவுண்ட் இல்லை என்றால், செய்த மாற்றத்தை ஒரு சிறு காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். எக்ஸெலில் மட்டும் கண்ட்ரோல் + ஏ என்றால் சேவ் என்று ஒரு வரி போதும். அடுத்தவர் கீபோர்ட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருப்பார்.

எதுவும் பிடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கீபோர்டில் எதுவும் நிரந்தரமாக மாறிவிடவில்லை. கீபோர்ட் மேனேஜரின் சுவிட்சை ஆப் செய்தால் எல்லாக் கீகளும் அந்த நொடியே பழைய நிலைக்கு வரும். ஒரு மாற்றத்தை மட்டும் நீக்க, அந்த வரியின் ஓரத்தில் உள்ள குப்பைத் தொட்டிப் படத்தில் கிளிக் செய்து ஓகே தாருங்கள்.

புதியவர்கள் ஒரே நாளில் பத்துக் கீகளை மாற்றிவிட வேண்டாம். ஒரு வாரம் வேலை செய்யும்போது விரல் எங்கே தவறிப் போகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எது அதிகமாகத் தவறுகிறதோ அந்த ஒன்றை மட்டும், அந்தப் புரோகிராமுக்கு மட்டும் மாற்றுங்கள். அது பழகியபின் அடுத்ததைப் பார்க்கலாம்.